கேரட் கரு: விதைக்குள்ளும் குடுவைக்குள்ளும் – ப்ராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் 'சொமாட்டிக் எம்பிரியோஜெனிசிஸ்' என்று தலைப்பு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். கைடு தலையாட்டிவிட்டார். இனி என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அங்கிருந்துதான் தட்டுத் தடுமாறி வெளியே வந்தேன்.

வேலை இதுதான்: கேரட்டின் சாதாரண உடல் செல்லிலிருந்து குடுவைக்குள் கருவை உண்டாக்கி, அது வளரும் விதத்தை விதைக்குள் இருக்கும் கருவோடு ஒப்பிடுவது. இதற்குக் கேரட்டைவிடப் பழகிய செடி கிடையாது. வேறு எதையாவது புதுமையாகச் செய்கிறேன் என்று இறங்காதீர்கள். நான்கு மாதத்தில் முடியாது.

1. ஒப்பிடுவதற்கு முன் எதை ஒப்பிடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

குடுவையிலும் சரி, விதையிலும் சரி, கரு ஒரே வடிவ வரிசையில்தான் போகும்: உருண்டை நிலை, இதய நிலை, டார்பிடோ நிலை, அப்புறம் வித்திலை நிலை. பெரும்பாலான ப்ராஜெக்டுகள் இந்த நான்கு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 'இரண்டும் ஒன்றே' என்று முடித்துவிடும். வைவாவில் அடி விழுவது அங்கேதான். வடிவம் ஒன்றுதான், ஆனால் சூழ்நிலை வேறு. விதைக்குள் இருக்கும் கருவுக்குக் கருவூண் (கரு உண்ணும் உணவுத் திசு) இருக்கிறது, தாய்ச்செடியோடு இணைக்கும் கருத்தாங்கி இருக்கிறது, இறுக்கிப் பிடிக்கும் விதையுறை இருக்கிறது, கடைசியில் காய்ந்து உறங்கும் கட்டமும் இருக்கிறது. குடுவைக் கருவுக்கு இவற்றில் எதுவும் முறையாகக் கிடையாது. கருத்தாங்கி இருந்தாலும் அரைகுறையாக இருக்கும். டார்பிடோ நிலை தாண்டியதும் ஓய்வெடுக்காமல் நேராக முளைக்கப் போய்விடும்.

ஆகவே நாளை வைத்து ஒப்பிடாதீர்கள், நிலையை வைத்து ஒப்பிடுங்கள். '10ஆம் நாள் குடுவைக் கரு, 10ஆம் நாள் விதைக் கரு' என்று அட்டவணை போட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. 'இதய நிலைக் கரு, இரண்டு இடத்திலும்' என்று போட்டால் அர்த்தம் உண்டு.

2. காகித வேலையை முதல் வாரமே முடியுங்கள்

இதில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை. அதனால் உயிர்ப்பாதுகாப்புக் குழு அனுமதி வேண்டியதில்லை. சில துறைகளில் 'இருக்கட்டும்' என்று கேட்பார்கள். 'மரபணு மாற்றம் செய்யப்படவில்லை' என்று கைடு கையெழுத்துடன் ஒரு வரிக் கடிதம் கொடுத்தால் போதும்.

கையில் இருக்க வேண்டியவை:

- கைடு ஒப்புதல் அளித்த ஒரு பக்கத் திட்டம், தேதியோடு.
- கல்லூரி வழியாக வாங்கும் வேதிப்பொருளுக்குத் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கொள்முதல் கடிதம். காலஸ் வளர்க்க நாம் பயன்படுத்தும் 2,4-டி (ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் போல் வேலை செய்யும் செயற்கை மருந்து) களைக்கொல்லியும்கூட. தனிநபர் பெயரில் ஆய்வகத் தர மருந்தைக் கேட்டால் விற்பனையாளர் தயங்குவார்.
- விதைப் பாக்கெட்டின் லேபிள். கிழித்து எறியாதீர்கள். ரகம், லாட் எண், சோதித்த தேதி, முளைப்புத்திறன் எல்லாம் அதில் இருக்கும். 'பொருட்களும் முறைகளும்' அத்தியாயத்தின் முதல் பத்தியே அதுதான்.
- லேமினார் (கிருமியில்லாக் காற்று வீசும் மேசை), ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) பயன்பாட்டுப் பதிவேட்டில் உங்கள் பெயர். 'இந்தத் தேதியில் ஆட்டோகிளேவ் பழுது' என்று நாளைக்கு நீங்கள் சொன்னால், பதிவேட்டில் இருந்தால்தான் நம்புவார்கள்.
- வெளி ஆய்வகத்தில் செய்வதாக இருந்தால் கல்லூரியின் போனஃபைடு, அவர்களின் அனுமதிக் கடிதம், கட்டணத்துக்கு ரசீது, முடிவில் வருகைச் சான்று.

கடைசிப் புள்ளியில் கொஞ்சம் நிற்கிறேன். 'ப்ராஜெக்ட் சென்டர்' என்று போர்டு மாட்டிய இடங்களில் பணம் கட்டினால் தரவு, படம், பைண்டிங் எல்லாம் தயாராகக் கிடைக்கும். நான் பணம் கட்டிய இடத்தில் எனக்கு முந்தைய பேட்ச் மாணவர் எடுத்த அதே கருப் படத்தைத்தான் எனக்கும் நீட்டினார்கள். ஸ்கேல் கோடுகூட மாறவில்லை. கட்டணத்தில் எதெல்லாம் அடங்கும், குடுவையை நீங்களே தொடலாமா, மூல நோட்டு உங்களிடம் இருக்குமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் தராதீர்கள்.

இன்னொன்று: கருத்துத்திருட்டுச் சோதனை. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. ஆனால் திசு வளர்ப்பு ப்ராஜெக்டுகளின் முறைகள் பகுதி எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதால் ஒற்றுமை எளிதில் எகிறும். நூலகத்தில் அறிக்கை எடுக்க வரிசை இருக்கும். சமர்ப்பிக்கும் வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

3. நாட்காட்டி

| வேலை | பிடிக்கும் காலம் |
|---|---|
| விதை முளைப்பு | 7–10 நாள் |
| காலஸ் (வடிவமற்ற செல் திரள்) உருவாதல் | 3–5 வாரம் |
| திரவ ஊடகத்தில் (செல் வளரும் சத்துக் கரைசலில்) செல் பெருக்கம் | 3–4 வாரம் |
| 2,4-டி இல்லாத ஊடகத்தில் கரு | 2–3 வாரம் |
| முளைத்து நாற்றாதல் | 3–4 வாரம் |

கூட்டிப் பாருங்கள், மூன்றரை மாதம் ஓடிவிடும். இது எல்லாம் ஒழுங்காக நடந்தால். ஒரு முறை பூஞ்சை வந்தால் ஒரு மாதம் போச்சு.

செமஸ்டர் ஜனவரியில் தொடங்கினாலும் டிசம்பர் முதல் வாரமே விதையை ஊடகத்தில் போட்டுவிடுங்கள். பொங்கல் விடுமுறைதான் பெரிய பொறி: கல்லூரியைப் பூட்டும்போது ஏசியையும் நிறுத்துவார்கள், குடுவை அறை சூடேறும், திரும்பி வந்து பார்த்தால் பாதியில் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை. விடுமுறை நாளில் திரவ வளர்ப்பு ஷேக்கரில் (குடுவையைச் சுழற்றும் கருவியில்) இருக்காதபடி திட்டமிடுங்கள். திட ஊடகத்தில் இருக்கும் காலஸ் சில நாள் தாக்குப் பிடிக்கும்.

4. பணம் எங்கே போகும்

மொத்தம் மூன்று லிட்டர் ஊடகம் தேவைப்படும்; கெட்டுப்போவதையும் சேர்த்து ஐந்து லிட்டருக்கான எம்எஸ் (முராஷிகே–ஸ்கூக்) தூள், அதாவது ஊடகத்துக்கான உப்புக் கலவை, வாங்குங்கள். தூளாகவே வாங்குங்கள். உப்புகளைத் தனித்தனியாக வாங்கிக் கலப்பது மலிவாகத் தெரியும், ஆனால் சிறிய அளவில் அது நட்டம். லிட்டருக்கு ஏறத்தாழ 4.4 கிராம் தூள், 30 கிராம் சர்க்கரை, திட ஊடகமாக இருந்தால் 8 கிராம் அகார்.

இதில் அகார்தான் பையைக் கடிக்கும். நல்ல செய்தி, கரு உருவாகும் கட்டத்துக்கு அகாரே வேண்டாம். அது திரவத்தில் நடக்கிறது. ஆய்வகத் தர சுக்ரோஸுக்குப் பதில் கடையில் விற்கும் வெள்ளைச் சர்க்கரை இந்த வேலைக்குப் போதும். என்ன பயன்படுத்தினீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். 2,4-டி லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்தான், துறையில் ஏற்கெனவே இருக்கும் பாட்டிலைக் கேளுங்கள். கருவை முதிரவைத்து உறங்கவைக்கும் ஹார்மோனான அப்சிசிக் அமிலம் விலை கூடுதல். அது இல்லாமலே ப்ராஜெக்டை முடித்துவிடலாம்.

விலைப்பட்டியல் வாங்கும்போது ஜிஎஸ்டியும் கூரியரும் சேர்ந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

5. விதையிலிருந்து காலஸ் வரை

விதைக் கடையில் கிடைக்கும் பாக்கெட்டில் பல நேரம் இளஞ்சிவப்புப் பூச்சு இருக்கும். பூஞ்சைக்கொல்லி. தொட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் இருக்காதீர்கள். முடிந்தால் பூச்சில்லாத விதையாகக் கேட்டு வாங்குங்கள். கேரட் 'விதை' உண்மையில் பழத்தின் பாதி, மேலே முள் முள்ளாக இருக்கும். முள்ளுக்கு இடையில் காற்றுக் குமிழி சிக்கிக்கொண்டு ப்ளீச் உள்ளே போகாது. அதனால் ஒரு துளி ட்வீன்-20 (சோப்பு மாதிரி நனைய வைக்கும் திரவம்) சேர்த்து நன்றாகக் குலுக்குங்கள். 70 விழுக்காடு எத்தனாலில் ஒரு நிமிடம், பாதிக்குப் பாதி நீர் கலந்த ப்ளீச்சில் 20 நிமிடம், கிருமி நீக்கிய நீரில் நான்கு அலசல். ப்ளீச் பாட்டிலின் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பழையது வீரியம் இழந்திருக்கும். மெர்குரிக் குளோரைடு வேண்டாம். சிலர் இன்னும் பழக்கத்தில் சொல்வார்கள், ஆனால் அந்தக் கழிவை எங்கே கொட்டுவீர்கள்?

முளைத்த நாற்றில் வித்திலைக்குக் கீழே உள்ள தண்டை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக நறுக்கி, 2,4-டி சேர்த்த திட ஊடகத்தில் இருட்டில் வையுங்கள், 25 டிகிரி செல்சியஸ். 2,4-டி நேரடியாக நீரில் கரையாது. முதலில் சில துளி சோடியம் ஹைட்ராக்சைடிலோ எத்தனாலிலோ கரைத்து, அப்புறம் நீர் சேர்த்து மில்லிக்கு ஒரு மில்லிகிராம் வரும்படி ஸ்டாக் செய்துகொள்ளுங்கள். பிஎச் 5.8க்குச் சரிசெய்வது அகார் போடுவதற்கு முன்னால்.

இங்கே ஒரு முடிவு, பலரும் கவனிப்பதில்லை. கேரட் அயல் மகரந்தச் சேர்க்கைச் செடி, ஒவ்வொரு விதையும் மரபில் வேறு. ஒரே நாற்றிலிருந்து வரும் காலஸில் உருவாகும் கருக்களோ ஒன்றுக்கொன்று நகல். பல நாற்றுகளின் காலஸை ஒரே பாட்டிலில் கலந்துவிட்டால் இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. நாற்றுக்கு ஓர் எண் கொடுத்து, கடைசிவரை தனித்தனியாக வையுங்கள்.

நல்ல காலஸ் வெளிர் மஞ்சளாக, ரவை உப்புமா மாதிரி உதிர வேண்டும். பளபளவென்று நீர் கோத்த மாதிரி இருப்பது பயன்படாது.

6. 2,4-டியை விலக்குவது

முழு ப்ராஜெக்டும் இந்தப் படியில்தான் இருக்கிறது.

உதிரிக் காலஸை 25 மில்லி திரவ ஊடகத்தில், 2,4-டியுடன், 110 ஆர்பிஎம் சுழற்சியில் இரண்டு மூன்று சுற்று வளர்க்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் செல்கள் சிறு சிறு கொத்தாக இருக்கும். கருவாகும் தகுதி வந்துவிட்டது, ஆனால் 2,4-டி அவற்றைப் பிரிந்து பிரிந்து பெருகும் நிலையிலேயே பிடித்து வைத்திருக்கிறது. உருண்டை இதயமாக மாற வேண்டுமானால் ஆக்சின் கருவுக்குள்ளேயே ஒரு திசையில் ஓடி, சில இடத்தில் கூடுதலாகவும் சில இடத்தில் குறைவாகவும் நிற்க வேண்டும். கூடுதலாக நிற்கும் இரண்டு இடத்தில் வித்திலைகள் எழும்பும். சுற்றிலும் ஊடகமெல்லாம் ஆக்சினாக இருந்தால் அந்த ஏற்றத்தாழ்வு உருவாகாது. விதைக்குள்ளும் கருவுக்கு இதே ஏற்பாடுதான்.

செய்முறை: கொத்துகளைச் சல்லடைத் துணியில் வடிகட்டிப் பெரிய கட்டிகளை ஒதுக்குங்கள். கீழே இறங்கிய நுண்கொத்துகளை 2,4-டி இல்லாத ஊடகத்தில் மூன்று முறை அலசுங்கள்; படிய விட்டு, மேல்நீரை இறுத்து, புதிது ஊற்றி. ஒரு அலசலோடு நிறுத்தினால் செல்லுக்குள் தங்கிய மருந்தே போதும், கரு உருண்டையிலேயே நின்றுவிடும். அப்புறம் புதிய குடுவையில் மிகக் குறைவாகப் போடுங்கள். குடுவையைச் சுழற்றினால் லேசாக மட்டும் கலங்க வேண்டும். நெருக்கமாகப் போட்டால் செல் பெருகும், கரு வராது. 'நிறையப் போட்டால் நிறைய வரும்' என்ற நம்பிக்கை இங்கே எடுபடாது.

அடுத்த பொறி கண்ணாடிப் பாத்திரம். 2,4-டி இருந்த குடுவையைச் சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி பயன்படுத்தினாலும் துளி ஒட்டியிருக்கலாம். மருந்துள்ள குடுவைக்குச் சிவப்பு மார்க்கர், இல்லாததற்குப் பச்சை; இரண்டும் கலக்கவே கூடாது.

ஒரு வாரத்தில் உருண்டை தெரியும். அடுத்த வாரம் இதயமும் டார்பிடோவும். எல்லாம் ஒரே நேரத்தில் வராது. ஒரே துளியில் மூன்று நிலையும் இருக்கும். அதனால்தான் நாளை எண்ண வேண்டாம் என்றேன். மின்சாரம் போய் ஷேக்கர் நின்றால் பதற வேண்டாம், அவ்வப்போது கையால் மெதுவாகச் சுழற்றிவிடுங்கள்.

உண்மையான கருதானா, வெறும் குருத்தா என்று சந்தேகம் வந்தால் ஊசி முனையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். கரு காலஸ் கொத்திலிருந்து நழுவிக் கழன்று வரும், ஒரு முனையில் வேர், மறுமுனையில் வித்திலை. குருத்தாக இருந்தால் கீழே குழாய்த்திசுவால் காலஸோடு பிணைந்திருக்கும், பிய்த்தால்தான் வரும். இந்த ஒரு சோதனையைப் படத்தோடு போட்டால் தேர்வாளர் திருப்தியாகிவிடுவார்.

7. விதைக்குள் எட்டிப் பார்ப்பது

எல்லாரும் கோட்டை விடுவது இந்தப் பக்கம். 'விதைக் கரு' என்று பாடநூல் படத்தை ஒட்டிவிடுகிறார்கள். உங்கள் கையால் எடுத்த படமே வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், நாம் சாப்பிடும் ஐரோப்பிய வகைக் கேரட் குளிர் பட்டால்தான் இரண்டாம் பருவத்தில் பூக்கும். சமவெளியில் பூக்காது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விதைக்கு விட்ட பாத்தி தெரிந்தவர்களிடம் இருந்தால் அதிருஷ்டம். இல்லையென்றால் அதே குடும்பத்துக் கொத்தமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் விதைத்தால் ஒன்றரை மாதத்தில் பூக்கும், குடைப் பூங்கொத்தில் வெளி வரிசை முதலில் காய்க்கும், ஒரே குடையில் பல வயதுக் காய் கிடைக்கும். அறிக்கையில் 'இளம் நிலைகளுக்குக் கொத்தமல்லி, முதிர்ந்த நிலைக்குக் கேரட்' என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். கொத்தமல்லி விதையைக் காலஸ் தொடங்கும் அன்றே தொட்டியில் போட்டுவிடுங்கள்.

பச்சைக் காயை நுண்நோக்கியின் கீழ் ஒரு துளி நீரில் வைத்து, இரண்டு ஊசியால் நீளவாக்கில் கிழியுங்கள். கருவூண் பாலாக வழியும், அதற்குள் கரு மிதக்கும். உருண்டை நிலையைத் தனியாக எடுப்பது பெரும்பாடு, இதயத்திலிருந்து தொடங்குங்கள்.

முதிர்ந்த கேரட் விதையை இரவு முழுக்க ஊறவைத்து, பிளேடால் ஓரத்தைச் சீவி, லேசாக அழுத்துங்கள். வெள்ளை நூல் போல் கரு வெளியே வரும். எவ்வளவு சிறியது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். விதையின் நீளம் முழுக்க அது இல்லை, மிச்சமெல்லாம் கருவூண். கேரட் கரு விதை உதிரும்போது முழு வளர்ச்சி பெற்றிருக்காது. நீர் பட்டதும் கருவூணைக் கரைத்து உண்டு, விதைக்குள்ளேயே நீண்டு, அப்புறம்தான் முளைவேரை வெளியே நீட்டும். கேரட் மெதுவாக முளைப்பதற்கு இது முக்கியமான காரணம். ஊறவைத்து தினமும் நான்கைந்து விதையைப் பிளந்து கரு நீளத்தை அளந்தால் ஒரு அழகான வரைபடம் கிடைக்கும். செலவு கிட்டத்தட்ட இல்லை. குடுவைக் கருவுக்கு இந்தக் கையிருப்பு இல்லை, ஊடகத்துச் சர்க்கரையை அன்றாடம் உறிஞ்சி வாழ்கிறது.

8. அளக்க வேண்டியவை

நீளம், வித்திலை எண்ணிக்கை, குறைபாட்டு வடிவம். குடுவையில் மூன்று வித்திலை, ஒட்டிய வித்திலை, எக்காளம் போன்ற ஒற்றை வித்திலை, ஒரு கரு மேல் இன்னொரு கரு எல்லாம் வரும். இவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு அழகானதை மட்டும் படம் எடுக்காதீர்கள். விதையுறையின் இறுக்கமும் அப்சிசிக் அமிலத்தின் கட்டுப்பாடும் இல்லாத இடத்தில் என்ன ஆகிறது என்பதற்கு அதுதான் சான்று. நூறு கருவில் எத்தனை இப்படி என்று எண்ணுங்கள்.

அசிட்டோகார்மைனும் ஈவான்ஸ் புளூவும் அடுத்தடுத்துப் போட்டால் கருவாகும் செல் சிவப்பாகவும், நீண்டு வெறுமையான செல் நீலமாகவும் தெரியும். முதலாவது எந்தத் தாவரவியல் துறையிலும் இருக்கும்.

உலர்த்தும் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். குடுவையின் வித்திலை நிலைக் கருவைக் கிருமி நீக்கிய வடிதாளில் லேமினாரில் காயவிட்டு, மறுநாள் நனைத்து ஊடகத்தில் வையுங்கள். பெரும்பாலும் பழுப்பாகிச் சாகும். அப்சிசிக் அமிலம் கொடுத்துப் பழக்கினால் மட்டுமே காய்வதைத் தாங்கும். விதையோ ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்து முளைக்கிறது. ஒரே வடிவம், ஆனால் முதிர்ச்சி வேறு என்று நிரூபிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

9. மண்ணுக்கும் வைவாவுக்கும்

நாற்றை மண்ணுக்கு மாற்றுவது திட்டத்தில் இருந்தால் வேரில் ஒட்டிய அகாரை நன்றாகக் கழுவி, கிருமி நீக்கிய தென்னைநார்க் கழிவில் நட்டு, துளையிட்ட பாலித்தீன் பையால் மூடி, நாளுக்கு நாள் துளையைப் பெரிதாக்குங்கள். ஏப்ரல் வெயிலில் நிறைய செத்துப் போகும். நேரம் இல்லையென்றால் இந்தப் படியைத் திட்டத்திலேயே எழுதாதீர்கள். எழுதிவிட்டுச் செய்யாததைத்தான் கேட்பார்கள்.

வைவாவில் மூன்று கேள்வி நிச்சயம்: 2,4-டியை ஏன் எடுத்தீர்கள், கரு என்று எப்படித் தெரியும், விதைக் கருவிலிருந்து எந்த விதத்தில் குறைந்தது. மூன்றுக்கும் மூல நோட்டில் பக்கத்துக்குக் கொடி ஒட்டி வைத்துக்கொண்டு போங்கள்.

மீதமுள்ள குடுவைகளை முடிவு வரும்வரை வையுங்கள். அப்புறம் ஆட்டோகிளேவில் வேகவைத்துத்தான் கொட்ட வேண்டும். 2,4-டி ஸ்டாக்கைக் கழுவும் தொட்டியில் ஊற்றாமல் துறையின் வேதிக்கழிவுக் கேனில் சேருங்கள்; தோட்டத்தில் ஊற்றினால் துறைத் தோட்டக்காரர் உங்களைத்தான் தேடி வருவார். வைப்புத்தொகை கட்டியிருந்தால் கண்ணாடிப் பாத்திரக் கணக்கை முடித்து 'பாக்கி இல்லை' சான்றையும் அன்றே வாங்கிவிடுங்கள், டிசி எடுக்கும்போது அதைக் கேட்பார்கள்.